சில்லு நிறுவனம் ஒன்றின் வரலாற்றை நிபோங் திபாலிலிருந்து எழுதுவது எப்படி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பக்கம் இருக்கும் நிபோங் திபாலில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டம் ஆண்டுக்கொரு முறை சிறு மலர் ஒன்றை வெளியிடுகிறது. அதற்கு வரும் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அம்மாவோ பெரியம்மாவோ அத்தையோ தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் கிலாங்கிலோ (தொழிற்சாலையிலோ) பெருநிலத்துப் பிறை கிலாங்கிலோ வேலை பார்த்த குடும்பங்கள் இவ்வூர்த் தாமான்களில் (குடியிருப்புகளில்) வரிசைக்கு நாலைந்து இருப்பதால், அமெரிக்கச் சில்லு நிறுவனங்களைப் பற்றி எழுத முன்வரும் இளையோருக்குப் பஞ்சமில்லை. ஆனால் கைக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் பஞ்சாங்கம்போல் இருக்கின்றன. இந்த ஆண்டில் தொடங்கப்பட்டது, இந்த ஆண்டில் இந்தச் சில்லு வெளிவந்தது, இந்த ஆண்டில் இத்தனை கோடி ஈட்டியது என்று ஓடி, கடைசிப் பத்தியில் நிறுவனத்துக்கு ஒரு வாழ்த்துப் பா பாடி முடிந்துவிடுகின்றன. அந்த நிறுவனம் ஏன் இங்கு வந்தது, எதைக் கைவிட்டது, கைவிட்டபோது யார் வீட்டில் அடுப்பு அணைந்தது என்பதெல்லாம் படித்து முடித்த பிறகும் தெரிவதில்லை.

ஒரு நிறுவனத்தின் வரலாறு அது எடுத்த நான்கைந்து முடிவுகளில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அந்த முடிவுகளை முதலில் அடையாளம் கண்டு, ஒவ்வொன்றும் எந்தக் காரணத்தால் எடுக்கப்பட்டது என்று விளங்கிக்கொண்டு, அதன் பிறகு அது நம் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்று விசாரித்தால் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். அதைச் செய்யும் முறையை இன்டெல் நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன். அதைத் தேர்ந்ததற்குக் காரணம், தொடங்கிய நான்காம் ஆண்டிலேயே பினாங்கு அதன் கதைக்குள் வந்துவிடுகிறது என்பதுதான்.

தொடங்கிய ஆண்டிலிருந்து தொடங்க வேண்டாம்

இன்டெல் 1968ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் பதிவு செய்யப்பட்டது என்று முதல் வரியை எழுதினால், அதற்கு அடுத்த வரி எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. இத்துறையில் நிறுவனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வந்தவை. ஆகவே யார் யாரை விட்டு, எதற்காக விலகினார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை.

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான வில்லியம் ஷாக்லி 1956இல் மவுன்டன் வியூவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதே ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அவரிடம் சேர்ந்த இளம் அறிவியலாளர்கள் அவருடைய அறிவை மதித்தார்கள்; அவர் ஆட்களை நடத்திய விதத்தை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1957இல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி, ஒரு நிழற்படக் கருவி நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரை நிறுவினார்கள். ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் அந்த எட்டுப் பேரில் இருவர். ஒரே சிலிக்கன் துண்டின்மேல் முழு மின்சுற்றையும் அமைக்கும் வழியை நாய்ஸ் 1959இல் அங்குதான் வகுத்தார். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி 1958இல் வேறொரு வழியில் அதே இடத்தை எட்டியிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் கட்டுரை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

பதினொரு ஆண்டுகள் கழித்து அதே மாதிரியான மனக்கசப்பு ஃபேர்சைல்டிலும் எழுந்தது. தலைமைப் பொறுப்பு தமக்கு வராமல் போனதை நாய்ஸ் கண்டார். ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தவை உற்பத்திக் கூடத்துக்குப் போய்ச் சேராததை மூர் கண்டார். இருவரும் விலகினர். ஆர்தர் ராக் என்ற முதலீட்டாளர் 25 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார். இருவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்து என்.எம். எலக்ட்ரானிக்ஸ் என்று பதிந்த நிறுவனம் சில நாள்களில் இன்டெல் ஆனது. இன்டெல்கோ என்ற விடுதி நிறுவனத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உரிமையாக இருந்ததால் அவர்களுக்குப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆண்ட்ரூ க்ரோவைப் பலர் நிறுவனர் என்று எழுதிவிடுகிறார்கள். புடாபெஸ்ட்டில் பிறந்து 1957இல் அமெரிக்காவுக்கு வந்த க்ரோவ், நிறுவனர்கள் இருவரும் தொடக்கத்திலேயே தம்மோடு அழைத்துக்கொண்ட ஊழியர். நிறுவனத்தின் நடைமுறையை வார்த்தவர் என்று சொல்லலாம், நிறுவனர் என்று சொல்லக் கூடாது.

செய்த பொருள் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள்

கணினியில் கணக்குகளைச் செய்யும் சில்லான நுண்செயலி என்றதும் இன்டெல் நினைவுக்கு வருவதால், அது செயலி செய்யவே தொடங்கப்பட்டது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். தொடங்கும்போது அதன் இலக்கு நினைவகச் சில்லு. அக்காலத்துக் கணினிகளின் நினைவகம், கடுகளவு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்யப்பட்டது. கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், கோத்தது கையால். அந்த வளையங்களுக்குப் பதிலாகச் சிலிக்கன் சில்லை மலிவாகக் கொடுக்க முடியும் என்று இன்டெல் நம்பியது. 1970இல் வந்த 1103 என்ற சில்லு 1,024 பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறிகளை, தாங்கியது. இந்த எண்ணை வெறுமனே எழுதினால் வாசகருக்கு ஒன்றும் தோன்றாது. நம் கைப்பேசியில் இன்று தமிழ் பதிவாகும் யூ.டி.எஃப்-8 முறைப்படி கணக்கிட்டால், அந்தச் சில்லில் 'நிபோங் திபால்' என்ற பெயரை மூன்று முறை எழுதி வைக்கலாம். நான்காவது முறைக்கு இடம் போதாது. எண் வரும் இடமெல்லாம் இப்படி ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வேலை இரண்டு பாதிகளாகப் பிரிவதைத் தெளிவாக எழுத வேண்டும். முதற்பாதியில் வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கன் தகட்டின்மேல் ஒளியும் அமிலமும் வெப்பமும் கொண்டு நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒரே நேரத்தில் உருவாக்கப்படுகின்றன. இதற்கு விலையுயர்ந்த கருவியும் வேதியியல் அறிவும் தூசியற்ற அறையும் வேண்டும். பின்பாதியில் அந்த வேஃபரைத் தனித்தனிச் சில்லுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சட்டத்தில் ஒட்டி, மெல்லிய தங்கக் கம்பிகளால் சில்லையும் வெளிக் கால்களையும் இணைத்து, மூடி, சூட்டில் வைத்து, மின்சாரம் செலுத்திச் சோதிக்கிறார்கள். இந்தப் பின்பாதிக்கு அக்காலத்தில் வேண்டியிருந்தது ஏராளமான கைகளும் கண்களும். சில்லு எடையற்ற பொருள் என்பதால் விமானக் கூலி சொற்பம். வெளிநாட்டில் பொருத்தித் திருப்பிக் கொண்டுவரும் அமெரிக்கப் பாகங்களுக்கு வரி போடாமல், வெளிநாட்டில் சேர்ந்த மதிப்புக்கு மட்டும் வரி போடும் விதிகள் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் இருந்தன. ஃபேர்சைல்ட் 1960களின் தொடக்கத்திலேயே ஹாங்காங்குக்குப் போனதும், இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்ததும் இந்தக் கணக்கில்தான். இந்தப் பத்தியை எழுதாமல் 'பினாங்கின் திறமை வாய்ந்த மக்களை நாடி வந்தது' என்று எழுதுவோரைப் பார்க்கிறேன். திறமை இருந்தது உண்மை. ஆனால் வரும் முன்னரே அதைப் பார்த்துவிட்டு யாரும் வரவில்லை.

பின்பாதி வேலையை எழுத, செய்தவரிடமே போக வேண்டும். போகும்போது ஒலிப்பதிவுக் கருவியை முதலில் நீட்டாதீர்கள், "என்ன வேலை செய்தீர்கள்?" என்றும் கேட்காதீர்கள். என் சின்னம்மாவிடம் நான் அப்படித்தான் கேட்டேன். "என்னா வேல, கிலாங் வேலதான்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயத் தொடங்கிவிட்டார். மறுமுறை போனபோது ஒரு தீப்பெட்டியையும் ஊசியையும் மேசைமேல் வைத்து, "சின்னம்மா, எப்படிச் செய்வீங்கன்னு கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். உடனே முதுகு நிமிர்ந்தது, முகம் முன்னால் வந்தது, இல்லாத மைக்ரோஸ்கோப்பில் இரண்டு கண்களும் பதிந்தன. இடக்கை சட்டத்தை நகர்த்தியது, வலக்கை ஊசியைச் சில்லின் விளிம்பிலுள்ள சின்னச் சதுரத்தின்மேல் இறக்கி, ஒரு கணம் நிறுத்தி, மேலே தூக்கி வளைத்து, வெளிக் காலின்மேல் இறக்கியது. "இது ஒண்ணு" என்று சொல்லி அடுத்ததற்குப் போனார். பதினாறு கால் உள்ள சில்லு என்றால் பதினாறு கம்பி, முப்பத்திரண்டு தொடுகை. அந்தத் தங்கக் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 25 மைக்ரோன், அதாவது தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் பேசினார், நான் கேள்வியே கேட்கவில்லை. ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டில் அதே கையை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பட்டையை அறுக்க வேண்டும், மரத்தில் காயம் படக் கூடாது என்ற அந்த அளவுக் கணக்கு விரலில் தங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றியது. இது என் ஊகம் என்பதால் கட்டுரையில் ஊகம் என்றே எழுதினேன்.

ஏன் பினாங்கு, ஏன் 1972

இந்தப் பகுதியில்தான் நம் ஊரிலிருந்து எழுதுவதன் பலன் தெரியும். நிறுவனத்தின் காரணங்களை மேலே பார்த்தோம். மாநிலத்தின் காரணங்கள் வேறு, நம் மக்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தின் காரணங்கள் வேறு. மூன்றையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும்.

பினாங்குத் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை 1969இல் இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார். தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் 1971இல் வந்தது. பாயான் லெப்பாஸில் நெல் வயலாகக் கிடந்த நிலம் 1972இல் தொழில் வட்டாரமாயிற்று. இன்டெல், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலட் பேக்கர்ட், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ் ஆகிய எட்டு நிறுவனங்களை முன்னோடிகள் என்று பினாங்கில் இன்றும் சேர்த்துச் சொல்வார்கள். இன்டெல்லுக்கு இதுவே அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் உற்பத்தித் தளம். அப்போது அந்த நிறுவனத்துக்கு வயது நான்குதான் என்பதையும், மாபெரும் நிறுவனமொன்று வந்து இறங்கியதுபோல் எழுதுவது பிழை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தோட்டத்தின் பக்கம் நடந்ததை நூல்களில் தனியாகத் தேட வேண்டியிருக்கும். நம் ஊர் இருக்கும் தென் செபராங் பிறையில் முதலில் கரும்பும் பிறகு ரப்பரும் அதன் பிறகு செம்பனையும் நின்றன. செம்பனைக்கு ரப்பரைப்போல் அத்தனை கைகள் தேவையில்லை. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்ததைத் தொடர்ந்து, தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். எஞ்சிய குடும்பங்களில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குத் தோட்டத்துக்கு வெளியே ஒரு வேலை தேவைப்பட்ட நேரத்தில்தான் கிலாங் பஸ் முச்சந்தி வரை வரத் தொடங்கியது. இங்கே ஒன்றைக் கேட்டு எழுதுங்கள்: இரவு ஷிப்டுக்குப் பெண்ணை அனுப்ப வீட்டில் யார் மறுத்தார்கள், யார் சம்மதிக்க வைத்தார்கள். எல்லா வீட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு, நான் படித்த எந்த நிறுவன வரலாற்றிலும் அது இல்லை. தோட்டத்தில் தந்தைக்குத் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் இருந்தது. மின்னணுத் தொழிலில் மகளுக்குத் தேசிய அளவிலான சங்கம் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. இதைக் கோபமாக எழுத வேண்டியதில்லை, இரண்டையும் அருகருகே வைத்தாலே போதும்.

1975இல் இன்டெல்லின் பினாங்குத் தொழிற்சாலை தீயில் அழிந்தது. நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை, திரும்பக் கட்டியது. நான் மேலே சொன்ன முடிவுகளில் இதுவும் ஒன்று, பெரும்பாலான கட்டுரைகளில் இது ஒரு வரிகூடப் பெறுவதில்லை.

பெயர்களைப் பங்கிடும் முறை

1971 நவம்பரில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்ட 4004 என்ற நுண்செயலியை யார் செய்தது என்பதில் பல்லாண்டு வழக்காடல் உண்டு. இத்தகைய இடங்களில் 'கண்டுபிடித்தார்' என்ற ஒரே வினைச்சொல்லை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவர் செய்ததற்குரிய வினையைக் கொடுப்பதே நேர்மையான வழி. ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் கணிப்பான்களுக்காகப் பல தனித்தனிச் சில்லுகளை 1969இல் கேட்டது. அவற்றைப் பொதுப்பயன் செயலி ஒன்று உள்ளிட்ட நான்கு சில்லுகளாகக் குறைக்கலாம் என்று இன்டெல் பொறியாளர் டெட் ஹாஃப் முன்மொழிந்தார். ஸ்டான்லி மேசர் அவரோடு சேர்ந்து கட்டளைகளை வகுத்தார். பிசிகாமிலிருந்து வந்த மசாதோஷி ஷிமா தர்க்க வடிவமைப்பில் துணை நின்றார். 1970இல் சேர்ந்த ஃபெடரிகோ ஃபாஜின் அதைச் சிலிக்கனில் உண்மையாக வரைந்து முடித்தார். தம் பெயரின் முதலெழுத்துகளைச் சில்லின் ஓரத்தில் பொறித்தும் வைத்தார். 2,300 டிரான்சிஸ்டர்கள். பிசிகாம் கொடுத்த 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து, கணிப்பானுக்கு வெளியே அதை விற்கும் உரிமையை இன்டெல் பெற்றதுதான் இக்கதையின் திருப்பம். எழுதுவோர் பலர் டிரான்சிஸ்டர் எண்ணிக்கையில் மயங்கி இதைத் தவறவிடுகிறார்கள்.

1985

எடுத்துக்காட்டாக ஒரு முடிவை மட்டும் விரிவாக எழுத இடமிருக்கிறது என்றால், நான் இதைத்தான் எழுதுவேன். ஜப்பானிய நிறுவனங்கள் நினைவகச் சில்லைத் தரமாகவும் மலிவாகவும் செய்து சந்தையைப் பிடித்துக்கொண்டபோது, தான் பிறந்ததே அந்தச் சில்லுக்காக என்று எண்ணிய இன்டெல் பல காலம் தயங்கியது. நம்மை விலக்கிவிட்டுப் புதிய தலைவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று க்ரோவ் மூரிடம் கேட்டதாகவும், நினைவகத்தை விட்டுவிடுவார் என்று மூர் சொன்னதாகவும், அப்படியானால் அதை நாமே செய்வோமே என்று முடிவானதாகவும் பின்னாளில் க்ரோவே சொல்லியிருக்கிறார். கையில் இருந்த மாற்றுவழி செயலி. ஐ.பி.எம். 1981இல் வெளியிட்ட தனிநபர் கணினி இன்டெல்லின் 8088 சில்லைக் கொண்டிருந்ததால் அந்த வழி திறந்திருந்தது. 1985இல் வந்த 386 சில்லை, அதுவரை இருந்த வழக்கத்துக்கு மாறாக, வேறெந்த நிறுவனமும் செய்ய உரிமை கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டது. 1986இல் நிறுவனம் 17 கோடி டாலருக்கு மேல் நட்டமடைந்தது; ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

இதை நம் பக்கம் சரிபார்க்கும்போது கவனம் தேவை. 1985 மலேசியப் பொருளாதாரமே சுருங்கிய ஆண்டு. அவ்வாண்டில் வேலை போன ஒருவரைச் சந்தித்தால், அதற்கு அந்த நிறுவனத்தின் முடிவு காரணமா, உலகச் சந்தை வீழ்ச்சி காரணமா, பத்துப் பேர் வேலையை ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கியது காரணமா என்று கட்டுரையாளர் தாமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேட்ட மூன்று பேர் மூன்று காரணம் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள்.

ஆண்டுகளைப் பொறுத்தவரை, நம்மவர்கள் எண்ணாகச் சொல்ல மாட்டார்கள். "பாலம் தொறக்கறதுக்கு முந்தி" என்றால் 1985க்கு முன். அப்போது பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகப் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏற வேண்டும். "படகுத்துறை இடிஞ்ச வருஷம்" என்றால் 1988 ஜூலை. 32 பேர் இறந்த அந்த விபத்தை இப்பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள் யாரும் மறக்கவில்லை. மே 13 கலவரம் 1969. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சொல்லப்படும் நிகழ்ச்சி எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால், பெரும்பாலும் ஓராண்டு முன்பின் அளவில் பிடித்துவிடலாம்.

காகிதத்தைப் பாருங்கள், பெயரை நம்பாதீர்கள்

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். சின்னம்மா வேலை செய்தது இன்டெல்லில் என்றே சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்ததால் முதல் வரைவில் அப்படியே எழுதினேன். அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்த சம்பளச் சீட்டைப் பார்த்தபோது வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் தீவுப்பக்கச் சில்லுக் கிலாங் அத்தனைக்கும் அந்த ஒரே பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவரும் யாரையும் திருத்தவில்லை. ஆகவே சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், அடையாள அட்டை, நீண்டகாலச் சேவைக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தின் பொறிப்பு, ஊழியர் சேமநிதித் தாள்கள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றையாவது கண்ணால் பார்க்காமல் நிறுவனப் பெயரை எழுதாதீர்கள்.

காகிதத்திலும் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஹியூலட் பேக்கர்ட்டின் ஒரு பகுதி 1999இல் அஜிலன்ட் என்று பிரிந்தது. அஜிலன்ட்டின் சில்லுப் பிரிவு 2005இல் அவாகோ ஆயிற்று. அவாகோ 2016இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே சூடிக்கொண்டது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்த ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டில் இப்படி நான்கு பெயர்கள் இருக்கலாம். லிட்ரானிக்ஸ் பிறகு ஆஸ்ராம் ஆனது. நேஷனல் செமிகண்டக்டரை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2011இல் வாங்கியது. பாயான் லெப்பாஸில் ஆரம்ப முதல் பெயர் மாறாமல் நிற்பவற்றுள் இன்டெல்லும் ஒன்று என்பதால், பழையவர்கள் வாயில் அந்தப் பெயர் மற்றவற்றை விழுங்கிவிட்டதில் வியப்பில்லை.

கண் பார்வை மங்கியது, மேற்பார்வையாளர் கடிந்துகொண்டது, ஓ.டி. பணம் குறைந்தது போன்ற குறைகளைச் சொல்வார்கள். அவற்றை விட்டுவிட வேண்டாம். சொன்னவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்து, 'அக்காலத்தில் ஒரு தொழிற்சாலையில்' என்று எழுதுங்கள். அவர் இன்னும் இதே ஊரில் இருக்கிறார், அவர் மகள் அதே வட்டாரத்தில் வேலை பார்க்கிறாள் என்பதை எழுதுபவர் நினைவில் வைக்க வேண்டும். பழைய செய்திகளுக்கு 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் பிரதிகள் நூலகத்தில் கிடைத்தால் நல்லது. வேலைவாய்ப்பு விளம்பரங்களையும் பாருங்கள், வயதும் கல்வியும் கண்பார்வையும் எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

பிந்திய காலத்தை எவ்வளவு எழுதுவது

குறைவாக. 1991இல் கணினிப் பெட்டியின்மேல் ஒட்டப்பட்ட முத்திரை விளம்பரமும், 1993இல் வந்த பென்டியமும், அதில் வகுத்தல் கணக்குப் பிழைத்ததை 1994இல் ஒரு கணிதப் பேராசிரியர் கண்டறிந்து நிறுவனம் 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்ததும் எல்லாருக்கும் தெரிந்தவை. கைப்பேசிகளுக்கான சில்லுச் சந்தையைத் தவறவிட்டதை ஒரு பத்தியில் சொல்லலாம். அது 1985இல் செய்யத் துணிந்த காரியத்தை மறுமுறை செய்யத் துணியாத கதை என்று நான் நினைக்கிறேன், நீங்கள் வேறுவிதமாக நினைத்தால் அப்படி எழுதுங்கள்.

இரண்டு செய்திகளை மட்டும் விட்டுவிட வேண்டாம். சில்லுகளைப் பொதியும் மேம்பட்ட தொழில்நுட்பத்துக்காகப் பத்தாண்டுகளில் 3,000 கோடி ரிங்கிட் மலேசியாவில் முதலிடப்போவதாக 2021 டிசம்பரில் இன்டெல் அறிவித்தது. முன்பு கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுத்த அதே பின்பாதி, இப்போது நிறுவனத்தின் போட்டித் திறனே அதில்தான் என்னும் அளவுக்கு முன்னால் வந்துவிட்டது. மற்றொன்று, 2025 மார்ச்சில் அதன் தலைமை நிர்வாகியான லிப்-பூ டான் ஜொகூர் மாநிலத்து மூவாரில் பிறந்தவர். இதைப் பெருமையோடு எழுத வரும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி, பிறந்த ஊரைச் சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுவது நல்லது. அவர் வளர்ந்தது சிங்கப்பூரில்.

வரைவு முடிந்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், யாரிடம் கேட்டு எழுதினீர்களோ அவருக்கே அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தாளை நீட்டி "பாத்துச் சொல்லுங்க" என்று விட்டுவந்தால் "நல்லாருக்கு ஐயா" என்ற ஒரே பதில்தான் வரும். நான் படித்துக் காட்டியபோது சின்னம்மா ஷாக்லியையும் நாய்ஸையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 'தங்கக் கம்பிகளைக் கட்டினார்கள்' என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார். "கட்டறதுன்னு நாங்க சொல்ல மாட்டோம், போண்டிங்னுதான் சொல்வோம். அப்புறம் கம்பிய இழுத்துப் பாத்து அந்துபோவுதான்னு டெஸ்ட் பண்ணுவோம், அத எழுதலியே" என்றார். அந்த இழுவைச் சோதனை நான் படித்த எதிலும் என் கண்ணில் பட்டிருக்கவில்லை. அதற்காக ஒரு பத்தியைத் திரும்ப எழுதினேன்.